நம்பரைப் பார்த்தே சொல்லலாம்!



பள்ளியில் இருக்கும்போது திடீரென்று உங்களுக்குக் காய்ச்சல். ஆசிரியர் உங்களை அலுவலகத்துக்கு அழைத்துப் போய், ''அப்பா நம்பர் சொல்லு,'' என்கிறார். நீங்களும் 10 இலக்கங்களைக் கடகடவென்று ஒப்பிக்கிறீர்கள். மேஜை மேல் இருக்கும் வயர் போனில் அப்படியே அழுத்துகிறார். லைன் போகவில்லை; ஏதோ அறிவிப்புதான் கேட்கிறது! நீங்கள் சொன்ன நம்பர் சரிதான். அப்பாவின் செல்போனும் 'ஆப்' ஆகவில்லை. பிறகு எங்கே தப்பு?

இதற்கு விடை தெரிய வேண்டுமானால், ராமநாதபுரம் மாவட்டம் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் போக வேண்டும்!

மடை திறந்தால்...

ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க்கு 48 மடைகள் என்பார்கள். எந்த மடையைத் திறக்கிறோமோ, அதற்குரிய வயலுக்குத்தான் தண்ணீர் பாயும். போன் நம்பரும் அப்படித்தான். முன்னால் வரும் எண்கள்தான் மடை. நீங்கள் பேசுவது எந்த ஊருக்கு, எந்த வகைப் போனுக்குப் போக வேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.

ஆர்.எஸ்.மங்கலத்தின் எஸ்.டி.டி. கோடு 04561. பக்கத்து மாவட்டமான சிவகங்கையில் இருக்கும் தேவகோட்டைக்கும் இதே கோடுதான். ராமநாதபுரத்துக்கு 04567, ராமேஸ்வரத்துக்கு 04573. ஆக, மாவட்ட எல்லைக்கும் எஸ்.டி.டி. கோடுக்கும் சம்பந்தம் இல்லை!

கூட்டினால் பத்து!

இப்போது ஒரு குட்டிக் கணக்கு. கோடின் முன்னால் உள்ள 0-வை விட்டுவிடுங்கள்.

ஆர்.எஸ்.மங்கலம்: கோடு 4 இலக்கம், நம்பர் 6 இலக்கம்.
மதுரை (452): கோடு 3 இலக்கம், நம்பர் 7 இலக்கம்.
சென்னை (44): கோடு 2 இலக்கம், நம்பர் 8 இலக்கம்.

எல்லாமே கூட்டினால் 10! பெரிய ஊரில் போன்கள் அதிகம். அதனால் நம்பர் நீளம். அதை ஈடுகட்ட, கோடைச் சின்னதாக்கி விட்டார்கள்.

செல்போன் நம்பரும் 10 இலக்கம்தான். ஆனால், அதற்கு ஊர்க் கோடு கிடையாது. இந்தியாவில் 1995 ஜூலை 31ம் தேதி செல்போன் சேவை துவங்கியது. முதலில் 9-ல் துவங்கும் நம்பர்களைத் தந்தார்கள். அவை போதாமல் போகவே 8, 7, பிறகு 6 என்று ஒவ்வொரு மடையாகத் திறந்தார்கள்.

உஷார்! பெங்களூரு கோடு 080. அந்த ஊர் லேண்ட்லைன் நம்பரை 0 இல்லாமல் எழுதினால், 8-ல் துவங்கும் செல் நம்பர் மாதிரியே இருக்கும். 80-ஐ அடுத்து 2 அல்லது 4 வந்தால், அது பெங்களூரு லேண்ட்லைன்.

கடல் தாண்டி இலங்கையில் இது இன்னும் சுலபம். அங்கே 07 என்று துவங்கினால் செல்போன். மன்னார் லேண்ட்லைன் என்றால் 023.

அமெரிக்காவில்தான் சிக்கல். அங்கே செல்போனுக்கும் ஊர்க் கோடுதான். நம்பரைப் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது!

பூஜ்யம் எங்கே?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். லேண்ட்லைனில் 0 இல்லாமல் எண்களை அழுத்தினால், அது உள்ளூர் அழைப்புக்கான வழி. எனவே 2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனில் இருந்து எந்த செல்போனுக்குப் பேசினாலும், முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. இதனால் எதிர்காலத்துக்கு 250 கோடிக்கும் அதிகமான புது நம்பர்கள் கிடைக்கும் என்றது அரசு. உங்கள் ஆசிரியர் அழுத்த மறந்தது அந்த ஒரு பூஜ்யத்தைத்தான்! செல்லில் இருந்து செல்லுக்குப் பேச 0 தேவையில்லை.

ஒரு விஷயம். நம்பரைப் பார்த்து, எந்தக் கம்பெனி என்று அடித்துச் சொல்லாதீர்கள். 2011 ஜனவரி முதல், நாடு முழுவதும் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக் கொள்ளலாம்.

எங்கே, கண்டுபிடியுங்கள்!

1. 4567 2*
2. 63 
3. 80 4*

(விடை: 1. ராமநாதபுரம் லேண்ட்லைன், 2. பெரும்பாலும் செல்போன், 3. பெங்களூரு லேண்ட்லைன்.)

மூன்றும் சரியா? சபாஷ்! இன்றைக்கே அப்பா, அம்மா நம்பர்களை மனப்பாடம் செய்து விடுங்கள். அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098. இந்த இரண்டுக்கும் முன்னால் 0 வேண்டாம், அப்படியே அழுத்தலாம். மறந்து விடாதீர்கள் குட்டீஸ்!