டிராக்கின் சமன்பாடும் ஹாட்லிக் கல்லூரி மாணவரும்

பௌதிக நூலைக் கையில் எடுக்கும் நம் மாணவர் பலரின் மனத்தில் ஓர் எண்ணம் குடிகொண்டிருக்கிறது. அணுவையும் ஒளியையும் ஆராய்ந்தோர் யாவரும் தூர தேசத்தார். அவர்கள் கண்டவற்றை மனனஞ் செய்து பரீட்சை எழுதுவதே நமக்கு எஞ்சிய வேலை என்பது அது. இவ்வெண்ணம் பிழையானது என்பதற்குப் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் பழைய மாணவர் வரிசையிலேயே சான்று உளது. கிறிஸ்ரி ஜயரத்தினம் எலியேசர் என்பவரே அச்சான்று.

1918ஆம் ஆண்டிற் பிறந்த எலியேசர், ஹாட்லியிலும் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று, இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் போல் டிராக். 1933இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்ற பேரறிஞர் அவர்.

அக்காலத்தில் டிராக்கின் சிந்தையைக் கவர்ந்திருந்த பிரச்சினை யாது? பருத்தித்துறைக் கடலில் விரைந்தோடும் வள்ளத்தை நாம் பார்த்திருக்கிறோம். அது பின்னே அலைகளை எழுப்பிச் செல்கிறது. அவ்வலைகளுக்குச் சக்தி எங்கிருந்து வந்தது? வள்ளத்தின் ஓட்டத்திலிருந்தே வந்தது. ஆகவே, அலையை எழுப்பும் வள்ளம் அதனாலேயே சிறிது தடைபடுகிறது. இலத்திரனின் நிலையும் இத்தகையதே. அதன் வேகம் மாறும்போதெல்லாம் அது கதிர்வீசுகிறது. வீசிய கதிருக்குரிய விலையைத் தன் இயக்கத்திலிருந்தே கொடுக்கிறது. இவ்விலையைச் சரியாகக் கணக்கிடும் சமன்பாடொன்றை டிராக் 1938இல் வெளியிட்டார்.

ஐதரசன் அணுவில் ஒரு புரோத்தனும் ஓர் இலத்திரனும் உள. பழைய பௌதிகத்தின்படி, சுற்றிவரும் இலத்திரன் கதிர்வீசிச் சக்தியை இழந்து, ஒரு செக்கனை ஆயிரங்கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைந்த நேரத்தில் புரோத்தனில் விழுந்துவிட வேண்டும். 1913இல் நீல்ஸ் போர் சொட்டுக் கொள்கையைக் கொண்டு இவ்விடரை வேறு வழியால் தாண்டினார். ஆயினும், டிராக்கின் சமன்பாடு இதுபற்றி என்ன கூறும் என்ற வினா எஞ்சியிருந்தது. அதனை எடுத்துக்கொண்டார் எலியேசர்.

புரோத்தனை நோக்கி நேர்கோட்டிலே செல்லும் இலத்திரனைக் கருதுவோம். இரண்டும் ஒன்றையொன்று கவர்வன. மோதியே தீரும் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால், 1943இல், தம் இருபத்தைந்தாம் வயதளவில், எலியேசர் வெளியிட்ட முடிபு வேறு. அச்சமன்பாட்டின்படி இலத்திரன் புரோத்தனை அடைவதேயில்லை. வழியிலே நின்று, திரும்பி, கவர்ச்சி விசையையும் மீறி மேன்மேலும் விரைந்து அப்பால் ஓடிவிடுகிறது! கிணற்றிலே விட்ட வாளி, நீரைத் தொடுமுன் நின்று, துலாவும் கயிறும் இன்றித் தானே மேலெழுந்து வானில் மறைந்தது போன்ற செய்தி இது.

கணக்கிலே பிழையில்லை. எனவே, குறை சமன்பாட்டில் இருத்தல் வேண்டும். ஆர்முடுகல் மட்டுமன்றி, ஆர்முடுகல் மாறும் வீதமும் அதில் இடம்பெறுவதே இவ்விடருக்குக் காரணம். குருவின் சமன்பாட்டை மாணவர் அதன் எல்லைவரை கொண்டு சென்று, அது எங்கே இடறுகிறது என்று காட்டிவிட்டார். அத்துடன் அமையாது, 1948இல் மாற்றுச் சமன்பாடொன்றையும் முன்வைத்தார். 1991இல் போர்ட், ஓகொன்னல் என்னும் அறிஞர் இருவர் வேறொரு வழியால் அதே வடிவத்தை அடைந்தனர். இன்று அது மூவர் பெயராலும் வழங்குகிறது.

இது பழங்கதையன்று. இங்கிலாந்தின் ரதபோர்ட் அப்பிள்டன் ஆய்வுகூடத்தில், பேராற்றல் வாய்ந்த லேசர் ஒளியுடன் அதிவேக இலத்திரன் கற்றையை எதிரெதிரே மோதவிட்டனர். இலத்திரன்கள் சக்தியிழந்து வெளிவந்ததை 2018இல் இரு கட்டுரைகள் அறிவித்தன. கதிர்வீசுவதற்கு இலத்திரன் கொடுக்கும் விலை இவ்வாறு சோதனையிலே புலப்பட்டது. அவ்விலையைச் சரிவரக் கணிக்கும் சமன்பாடு எது என்ற ஆராய்ச்சி இன்னும் நடைபெற்று வருகிறது.

எலியேசர் 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கும், 1968இல் மெல்பேணிலுள்ள லா துரோப் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். 2001இல் காலமானார். அவருக்குப் பின்னும் அறிஞர் பலர் இந்நாட்டை விட்டு நீங்கினர். போரும் அச்சமும் அவ்வெண்ணிக்கையைப் பெருக்கின. ஓர் ஆசிரியர் போகும்போது, அவரிடம் பயில இருந்த மாணவர் தலைமுறையும் நட்டமடைகிறது. அந்த நட்டத்தை எந்தக் கணக்கேட்டிலும் எழுத முடியாது.

ஆயினும், நாம் மனந்தளர வேண்டியதில்லை. எலியேசரின் கணக்குக்கு லேசரும் வேண்டியிருக்கவில்லை, பெரிய இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை. தாளும் எழுதுகோலும் பொறுமையுமே வேண்டியிருந்தன. பெற்றோரே, நூலில் உள்ளதைப் பிள்ளை ஐயுற்றுக் கேட்டால், அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்கிவிடாதீர்கள். மாணவர்களே, பெரியார் எழுதிய சமன்பாடாயினும், வணங்கிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.