காற்றிலிருந்து உணவு

"சாப்பிடாமல் காற்றைத் தின்றா உயிர் வாழப் போகிறாய்?" என்று அம்மா கடிந்துகொள்வதை நம்மில் கேட்காதவர் யார்? "வாழலாம்" என்று பின்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் இன்று விடை கூறுகிறார்கள். அது எப்படி என்று பார்ப்போமா?

உண்மையில் நாம் என்றுமே காற்றைத்தான் உண்டு வருகிறோம். சோற்றிலுள்ள கரிப்பொருள், நெற்பயிர் காற்றின் கரியமில வாயுவிலிருந்து பெற்றதே. சூரிய ஒளியின் துணையால் இலைகள் அதை மாவுப் பொருளாக்குகின்றன. இதற்கு வயலும், ஏராளமான தண்ணீரும், மாதக்கணக்கில் காலமும் தேவை.

ஒளியில்லாமலே இவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் சில மண்ணில் உண்டு. அவற்றுக்குச் சக்தி தருவது ஹைட்ரஜன் வாயு. விண்வெளி வீரர்கள் வெளிவிடும் மூச்சை இவற்றின் மூலம் உணவாக்கலாமா என்று 1960களிலேயே அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள்.

பின்லாந்தில் 2017இல் தோன்றிய 'சோலார் ஃபுட்ஸ்' என்னும் நிறுவனம், ஹெல்சிங்கியை அடுத்த வான்டாவில் 2024இல் தொழிற்சாலையைத் திறந்தது. அங்கே மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். நீர் நிறைந்த பெரிய கலத்தில் நுண்ணுயிர்களை இட்டு, ஹைட்ரஜன், பிராணவாயு, கரியமில வாயு ஆகியவற்றைச் செலுத்துகிறார்கள். அம்மோனியாவும் தாது உப்புகளும் சேர்க்கிறார்கள். பெருகிய நுண்ணுயிர்களைப் பிரித்து உலர்த்தினால் மஞ்சள் நிற மாவு கிடைக்கிறது. 'சோலீன்' என்பது அதன் பெயர். அதில் பாதிக்கு மேல் புரதமே! 2022இல் சிங்கப்பூர் இதை உணவாக விற்க முதன்முதலில் அனுமதித்தது.

அப்படியானால் காற்றின் மாசும் தீர்ந்தது, பசியும் தீர்ந்தது என்று மகிழலாமா? சற்றுப் பொறுப்போம். இம்மாவை உண்டபின் அதிலுள்ள கரி நம் மூச்சு வழியே மீண்டும் காற்றில்தான் கலக்கும். ஆகவே இது காற்றைத் துப்புரவாக்குவதில்லை. மேய்ச்சலுக்காகக் காடு அழிவதைக் குறைக்கலாம் என்பதே இதன் பெரும் பயன். மின்சாரமும் மிகுதியாக வேண்டும். நிலக்கரியை எரித்து அதைப் பெற்றால், பிடிக்கும் வாயுவைவிட வெளிவிடும் வாயுவே மிகுந்துவிடும். காற்று, சூரியன், நீர்வீழ்ச்சி தரும் மின்சாரமே இதற்கு ஏற்றது.

இன்னொன்று: இத்தொழிற்சாலை ஆண்டுக்கு 160 டன் மாவு தயாரிக்கும் திறனுடன் தொடங்கப்பட்டது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் என்று நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். சில ஆயிரம் பேருக்கே அது ஓராண்டுக்குப் போதும். மேலும், உலகில் பலர் பசித்திருப்பது உணவு விளையாததால் மட்டுமன்று. அதை வாங்கும் வசதி இல்லாததாலும்தான். அக்குறையை எந்த இயந்திரமும் தானே தீர்க்காது.

விஞ்ஞானிகள் தம் முயற்சியைத் தொடரட்டும். நாமோ, மதிய உணவுப் பாத்திரத்தில் மிஞ்சிய சோற்றைக் கொட்டுமுன் ஒரு கணம் நினைப்போம். எத்தனை அறிஞர்கள் கூடிச் செய்யும் வேலையை, ஒரு நெற்பயிர் சேற்றில் நின்று ஓசையின்றிச் செய்து முடித்திருக்கிறது!