ஆட்டநிலையும் உடற்றகுதியும்

உதைபந்தாட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். அதைப் பற்றிய பேச்சு முடிவதில்லை. இங்கிலாந்தின் நகரங்களில் சனிக்கிழமை மாலை மைதானத்தை விட்டு வெளியேறும் கூட்டம், அடுத்த சனிக்கிழமை வரை அந்த ஆட்டத்தையே பேசிக்கொண்டிருக்கும். பேருந்திலும் தொழிற்சாலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் அதே விவாதம். தோற்ற அணியின் இரசிகர்கள் காரணம் தேடுவார்கள். வென்ற அணியின் இரசிகர்களோ, இந்த வெற்றி நிலைக்குமா என்று ஐயுறுவார்கள்.

இவ்விவாதங்களில் இரண்டு செய்திகள் தவறாது இடம்பெறும். ஒன்று அணியின் ஆட்டநிலை. அதாவது, அண்மைக் காலத்தில் அவ்வணி எவ்வாறு ஆடி வருகிறது என்பது. மற்றையது வீரர்களின் உடற்றகுதி. எவர் காயமுற்றிருக்கிறார், எவர் தேறி வருகிறார், அடுத்த ஆட்டத்திற்கு எவர் ஆயத்தம் என்பது. இரசிகர்கள் இவ்விரண்டையும் தனித்தனியே பேசுவது வழக்கம். ஆட்டநிலை உயர்ந்தால் பயிற்சியாளரின் தந்திரத்தைப் புகழ்வார்கள். வீரர் காயமுற்றால் விதியை நோவார்கள். உண்மையில் இவ்விரண்டும் ஒரே மரத்தின் கிளையும் வேரும் போன்றவை. கிளை கண்ணுக்குத் தெரிகிறது. வேர் மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. இதற்கு நல்ல சான்று லெஸ்டர் நகரக் கழகத்தின் வரலாற்றிற் கிடைக்கிறது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர் நகரின் கழகம் 1884ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது 2014ஆம் ஆண்டில் இரண்டாம் பிரிவிலிருந்து முதற் பிரிவாகிய பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அவ்வாண்டு நத்தார் வேளையில் இருபது அணிகளுள் கடைசி இடம் அதற்கே உரியதாயிற்று. 2015 மார்ச் இறுதியில் ஒன்பது ஆட்டங்களே எஞ்சியிருந்தன. தப்பிப் பிழைக்கும் எல்லைக்கோ ஏழு புள்ளிகள் குறைவு. மீண்டும் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது உறுதி என்றே பலரும் எண்ணினர். ஆயினும் எஞ்சிய ஒன்பதில் ஏழு ஆட்டங்களை அவ்வணி வென்றது. ஒன்றைச் சமன் செய்தது. ஒன்றில் மட்டும் தோற்றது. பருவ முடிவில் 41 புள்ளிகளுடன் பதினான்காம் இடத்தைப் பெற்றது.

அடுத்து வந்த 2015–16 பருவத்தில் நிகழ்ந்ததை விளையாட்டுலகம் இன்றும் வியப்புடன் நினைவுகூர்கின்றது. இத்தாலியரான குளோடியோ ரனியேரி புதிய பயிற்சியாளராக வந்தார். லெஸ்டர் முதலிடம் பெறும் என்று ஒரு பவுண் பந்தயம் கட்டினால் ஐயாயிரம் பவுண் தருவதாகப் பந்தயக்காரர்கள் அறிவித்திருந்தனர். அத்தனை அரிது எனக் கருதப்பட்டது அவ்வெற்றி. அவ்வணியோ 38 ஆட்டங்களில் 23இல் வென்று, 12ஐச் சமன் செய்து, மூன்றில் மட்டுமே தோற்று, 81 புள்ளிகளுடன் 2016 மே மாதத்தில் முதற் பிரிவின் வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. கழகத்தின் 132 ஆண்டு வரலாற்றில் அதுவே முதற்றடவை.

இவ்வெற்றிக்கு இரசிகர்கள் பல காரணங்கள் கூறினர். ஜேமி வார்டியின் வேகம் என்றனர் சிலர். அவர் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் போட்டுப் புதிய சாதனை படைத்தவர். ரியாட் மாரெசின் கால்வண்ணம் என்றனர் வேறு சிலர். ஓயாது ஓடிப் பந்தைப் பறிக்கும் கன்ரேயின் உழைப்பு என்றோரும் உளர். இவையாவும் உண்மையே. ஆனால் இவர்கள் அனைவரும் வாரந்தோறும் களத்தில் நிற்கக்கூடியவர்களாய் இருந்தார்கள் என்பதை நோக்க வேண்டும். அணித்தலைவர் வெஸ் மோர்கனும் பந்துக்காப்பாளர் காஸ்பர் சிமைக்கலும் 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடமேனும் தவறாது ஆடினர். மார்க் ஓல்பிரைட்டன் 38 ஆட்டங்களிலும், மாரெசும் கன்ரேயும் 37 ஆட்டங்களிலும், வார்டி 36 ஆட்டங்களிலும் களம் இறங்கினர். அப்பருவம் முழுவதும் லீக் ஆட்டங்களில் லெஸ்டர் பயன்படுத்திய வீரர் தொகை 23 மாத்திரமே.

ஒரே பதினொருவர் வாரந்தோறும் சேர்ந்து ஆடும்பொழுது ஒருவரையொருவர் நன்கு அறிந்துகொள்கிறார்கள். பந்து எங்கே வரும், நண்பன் எப்பொழுது ஓடுவான் என்பதைக் கண்ணால் நோக்காமலே உணர்கிறார்கள். நாம் ஆட்டநிலை என்று புகழும் ஒழுங்கு இவ்வாறு பிறப்பது. ஓராட்டத்தில் இருவர், மறு ஆட்டத்தில் மூவர் என வீரர் மாறிக்கொண்டேயிருந்தால் அவ்வொழுங்கு வேரூன்ற இடமில்லை.

இனி, அவ்வீரர்கள் எவ்வாறு நலமாய் இருந்தனர் என்பதை ஆராய்வோம். ரனியேரி தம் முறையைச் செய்தியாளருக்கு விளக்கியிருக்கிறார். சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, திங்களில் இலேசான பயிற்சி, செவ்வாயில் கடும் பயிற்சி, புதனில் முழு ஓய்வு, வியாழனில் மீண்டும் கடும் பயிற்சி, வெள்ளியில் ஆட்டத்திற்கான ஆயத்தம். ஆக, வாரத்தில் இரு நாட்கள் வீரர்கள் பந்தைத் தொடுவதில்லை. இங்கிலாந்தின் ஆட்டம் மிகுந்த வேகமுடையது. ஆதலால் அங்கு ஆடுவோருக்கு மீள்வதற்குக் கூடுதலான நேரம் வேண்டும் என்பது அவர் கருத்து. முன்னிருந்த வைத்தியர்களையும் உடற்பயிற்சி வல்லுநர்களையும் அவர் மாற்றவுமில்லை.

ஓய்வுக்கு ஏன் இத்துணை முதன்மை? ஓராட்டத்தில் ஒரு வீரர் ஏறத்தாழப் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீற்றர் வரை ஓடுகிறார். அதில் நடை உண்டு, மெல்லோட்டம் உண்டு, இடையிடையே முழுவேகப் பாய்ச்சலும் உண்டு. தசைகளில் கிளைக்கோசன் என்னும் மாச்சத்துச் சேமிக்கப்பட்டுள்ளது; ஓட்டத்திற்கு அதுவே எரிபொருள். ஆட்ட முடிவில் அச்சேமிப்புப் பெரிதும் குறைந்துவிடுகிறது. நன்றாக உண்டு உறங்கினாலும் அது மீண்டும் நிரம்ப இரண்டு அல்லது மூன்று நாட்கள் செல்லும். பாய்ந்து நிற்றலாலும் திடீரெனத் திரும்புதலாலும் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகளும் உண்டாகின்றன. அவை ஆறுமுன் மீண்டும் கடுமையாக உழைத்தால் சிதைவு பெரிதாகிக் காயமாகும். பயிற்சி உடலைத் தூண்டுகிறது. வலிமை கூடுவது அதற்குப் பின் வரும் ஓய்விலேயாம்.

உதைபந்தாட்ட வீரரை அதிகம் வருத்தும் காயம் தொடையின் பின்புறத் தசையில் ஏற்படுவது. விரைந்தோடும்போது முன்னே வீசப்படும் காலைத் தரையில் ஊன்றுமுன் அத்தசையே கட்டுப்படுத்துகிறது. அக்கணத்தில் அது நீண்டபடியே இறுகவும் வேண்டியிருக்கிறது. களைத்த தசை இவ்விரு வேலையையும் ஒருங்கே செய்ய இயலாது கிழிகிறது. இதைத் தடுக்க எளிய பயிற்சி ஒன்றுண்டு. வீரர் முழந்தாளில் நிற்க, தோழர் ஒருவர் அவருடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொள்வார். வீரர் இடுப்பை மடக்காமல், உடலை மெதுவாக முன்னோக்கிச் சாய்ப்பார். கருவி எதுவும் வேண்டாத இப்பயிற்சியை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் இக்காயங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைகின்றன என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

லெஸ்டர் கழகம் வேறு சாதனங்களையும் கையாண்டது. கடுங்குளிர் அறைகளில் வீரர்கள் சில நிமிடங்கள் நிற்பதையும், ஆட்டத்திற்கு முன் பீற்றூட் சாறு அருந்துவதையும் செய்தித்தாள்கள் விரிவாக எழுதின. வீரர் ஓடிய தூரத்தையும் வேகத்தையும் செய்மதியின் துணையால் அளக்கும் சிறு கருவிகளும் பயன்பட்டன. புதுமையானவை என்பதால் இரசிகர்களின் பேச்சில் இவை பெரிதாக இடம்பெற்றன. குளிரறையின் பயன் குறித்து வல்லுநரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அளவறிந்த பயிற்சி, போதிய உறக்கம், உரிய உணவு, உரிய ஓய்வு என்னும் பழைய நான்கையுமே அவர்கள் முதலில் வைக்கிறார்கள்.

ஒரு கழகத்தின் கதையை மட்டும் கொண்டு பொதுவிதி வகுத்தல் முறையன்று. ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்களில் நிகழும் காயங்களை 2001ஆம் ஆண்டு முதல் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் யான் எக்ஸ்ட்ரண்டும் அவர்தம் குழுவினரும் கணக்கெடுத்து வந்துள்ளனர். இருபத்தைந்து வீரர் கொண்ட அணியொன்று ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஐம்பது காயங்களை எதிர்பார்க்கலாம் என்று அவர்கள் கண்டனர். ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 24 அணிகளைப் பதினொரு பருவங்கள் தொடர்ந்து நோக்கியபோது, காயங்கள் குறைந்த ஆண்டில் ஓரணி தன் நாட்டின் அட்டவணையில் உயர்ந்து நிற்கக் காணப்பட்டது. காயங்கள் மிகுந்த ஆண்டில் அது தாழ்ந்தது. சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்ற முதுமொழியைப் புள்ளிவிவரமும் மெய்ப்பிக்கிறது.

எனினும், உடற்றகுதியே அனைத்துமாகாது. லெஸ்டருக்கு அப்பருவத்தில் ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் இருக்கவில்லை. உள்நாட்டுக் கிண்ணப் போட்டிகள் இரண்டிலிருந்தும் அது விரைவில் வெளியேறியது. ஆகவே பருவம் முழுவதிலும் அது ஆடியவை 43 ஆட்டங்களே. அடுத்த பருவத்தில் நடுவார ஐரோப்பிய ஆட்டங்கள் வந்து சேர்ந்தன. கன்ரே செல்சி கழகத்திற்குச் சென்றுவிட்டார். ஐரோப்பியப் போட்டியில் காலிறுதி வரை முன்னேறிய லெஸ்டர், உள்நாட்டு லீக்கில் பன்னிரண்டாம் இடத்திற்கே வந்தது. பருவம் முடியுமுன்னே, 2017 பெப்ரவரியில், ரனியேரி பதவியிழந்தார். வாய்ப்பும் வீரர் திறனும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் கூடிவந்தபோதுதான் உடற்றகுதி முழுப் பயன் தந்தது.

இங்கே இரசிகரின் பங்கு யாது என்ற வினா எழுகிறது. காயமுற்ற வீரர் எப்போது திரும்புவார் என்பதே அவர்கள் ஓயாது கேட்கும் கேள்வி. பெரிய ஆட்டம் நெருங்க நெருங்க அக்கேள்வி வேண்டுகோளாகவும், வேண்டுகோள் ஆரவாரமாகவும் மாறும். வீரருக்கும் ஆடும் ஆவல் உண்டு. பயிற்சியாளருக்கும் அவர் தேவைப்படுவார். இத்தனை ஆவல்களுக்கும் நடுவே தசை மட்டும் தன் காலக்கணக்கிலேயே ஆறும்.

2014ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், ஸ்பானியாவின் அத்லெற்றிக்கோ மட்ரிட் அணியின் முன்னணி வீரர் தியேகோ கொஸ்டா தொடைத் தசைக் காயத்தால் பாதி ஆட்டத்திற்கு முன்பே வெளியேறினார். சரியாக ஒரு வாரத்தில் லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம். இடையில் அவர் பெல்கிரேட் நகருக்குச் சென்று விசேட சிகிச்சையும் பெற்றார். இறுதி ஆட்டத்தில் இறக்கப்பட்ட அவர், ஒன்பதாம் நிமிடத்திலேயே வெளியேற நேர்ந்தது. அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்று வீரர்களுள் ஒருவரை அவ்வணி அப்பொழுதே இறக்க வேண்டியதாயிற்று. ஆட்டமோ மேலதிக நேரம் வரை நீண்டது. களைத்துப்போன அத்லெற்றிக்கோ, ரியல் மட்ரிட்டிடம் ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது.

பொறுமையின் பயனுக்குப் பிரேசில் வீரர் ரொனால்டோவின் வாழ்க்கை சான்று. இத்தாலியின் இன்ரர் மிலான் அணிக்காக ஆடியபோது, 1999 நவம்பரில் அவருடைய முழங்கால் தசைநாண் கிழிந்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் மீண்டும் களமிறங்கிய அவர், சில நிமிடங்களிலேயே அதே முழங்கால் சிதைந்து வீழ்ந்தார். அவர் இனி ஆடுவாரோ என்று அஞ்சாதோர் அரிது. இம்முறை அவர் ஓராண்டுக்கும் மேலாகப் பொறுத்திருந்தார். சத்திரசிகிச்சைக்குப் பின் நடக்கப் பழகி, ஓடப் பழகி, படிப்படியாகவே பந்திடம் வந்தார். 2002 உலகக் கிண்ணத்தில் எட்டுக் கோல்கள் போட்டுப் பிரேசிலுக்குக் கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தவர் அவரே. இறுதி ஆட்டத்தின் இரு கோல்களும் அவர் காலிலிருந்தே வந்தன.

காயம் ஆறிய உடனேயே வீரர் ஆட்டத்திற்குத் தகுதி பெற்றுவிடுவதில்லை என்பதையும் இக்கதை உணர்த்துகிறது. வலி நீங்குதல் முதற்படி; முழுவேகத்தில் ஓடுதல் அடுத்தபடி; எதிரியின் மோதலைத் தாங்கித் தொண்ணூறு நிமிடம் ஆடுதல் கடைசிப்படி. முதலில் இருபது நிமிடம், பின்னர் அரை ஆட்டம், பின்னரே முழு ஆட்டம் என்று வீரரை இறக்கும் பயிற்சியாளரை இரசிகர்கள் கோழை என்று பழிப்பதுண்டு. அவர் காப்பது அடுத்த இருபது ஆட்டங்களையாகும். அதனினும் மேலாக ஓர் இளைஞனின் காலையாகும். இரசிகருக்கு ஒரு மாலைப் பொழுதின் மகிழ்ச்சியாய் இருப்பது, அவ்விளைஞனுக்கு வாழ்நாட் பிழைப்பு.

ஆகவே ஓரணியின் ஆட்டநிலை உயர்கிறதா என்று அறிய விரும்பும் நேயர்கள் கோல் கணக்கோடு வேறு சிலவற்றையும் நோக்குதல் நன்று. சென்ற ஐந்து ஆட்டங்களில் அதே வீரர்கள் ஆடினார்களா? இறுதி இருபது நிமிடங்களில் ஓட்டம் தளராதிருக்கிறதா? காயமுற்றுத் திரும்பியவர் மீண்டும் அதே இடத்தில் காயமுறாதிருக்கிறாரா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைக்குமாயின், அவ்வுயர்வு உறுதியான நிலத்தில் நிற்கிறது எனலாம். இல்லை என்ற விடை கிடைக்குமாயின், வெற்றிகள் தொடர்ந்தாலும் களத்துக்கு வெளியே அமர்ந்திருக்கும் வைத்தியரின் சொல்லுக்கு இரசிகர்களும் சிறிது செவிகொடுப்பது அணிக்கு நன்மை பயக்கும்.