உங்களுக்குத் தெரியுமா? சொல் தெரிந்தால் கட்டுரை கிடைக்கும்

● சிட்னியின் மேற்கே உள்ள பிளாக்டவுன், தாருக் மக்களின் மண். சிட்னிக் கரையோரம் பேசப்பட்ட அவர்கள் மொழியை 1790-91இல் பத்யெகராங் என்ற இளம்பெண் சொல்லச் சொல்ல எழுதிவைத்தவர் லெப்டினென்ட் வில்லியம் டாஸ். துறைமுகப் பாலத்தின் தென்கரையில் உள்ள டாஸ் பாயின்ட் அவர் பெயரைத் தாங்கியதுதான். அந்தக் குறிப்பேடுகள் இன்று இருப்பது சிட்னியில் அல்ல, லண்டன் சோவாஸ் கல்லூரி நூலகத்தில். பிரிட்டனில் கிடக்கும் ஆஸ்திரேலியக் கையெழுத்துப் படிகளுக்கு பிலிஸ் மேண்டர்-ஜோன்ஸ் தொகுத்த அட்டவணை 1972இல் வெளிவந்த பிறகே ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் போனார்கள். யாரும் எடுத்து ஒளித்துவைக்கவில்லை. ஆய்வாளர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

● வெளிநாட்டில் பிள்ளைகள் தமிழ் படிப்பது பற்றி ஆய்வுக் கட்டுரை தேடுகிறீர்களா? ‘தாய்மொழி’ என்று தேடினால் பாதிதான் அகப்படும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு ‘ஹெரிட்டேஜ் லாங்குவேஜ்’ என்று பெயர். ஆஸ்திரேலியாவில் ‘கம்யூனிட்டி லாங்குவேஜ்’. மெல்பர்ன் மொழியியலாளர் மைக்கேல் கிளைன் 1991இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பிரிட்டன்காரர்கள் ‘சப்ளிமெண்டரி ஸ்கூல்’ என்பார்கள், சிலர் ‘காம்ப்ளிமெண்டரி ஸ்கூல்’ என்பார்கள். பிள்ளை ஒன்றுதான், ஊருக்கொரு பெயர். எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

● ஈழத் தமிழர் வீட்டில் ‘வந்திட்டினம்’, பாடப்புத்தகத்தில் ‘வந்துவிட்டார்கள்’. பிள்ளை விழிப்பதில் வியப்பில்லை. இதற்குத் தமிழில் ‘இரட்டை வழக்கு’ என்று பெயர். ஆங்கிலக் கட்டுரைகளைத் தேட ‘டைக்ளோசியா’ என்ற சொல் வேண்டும். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையால் பரவிய சொல் அது. தமிழை முன்வைத்து இதை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் பிரிட்டோவின் நூல் 1986இல் வந்தது.

● ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் பிறந்தது 2004 நவம்பரில். தமிழ் அச்சு நூல்களை வகைபிரித்து ஜான் மர்டாக் பட்டியல் போட்டது 1865இல்! தமிழியல் நூல்களுக்கு வழிகாட்டி ஒன்றைத் தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததும் அதே ஊரில், அதே ஆண்டில்தான். மாநாட்டை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், பட்டியலை மறந்துவிட்டோம்.

● நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்தால் போதும். அதன் கடைசிப் பக்கத்து நூற்பட்டியல் பழைய ஆய்வுகளைக் காட்டும். ஸ்காலரில் அதன் கீழே இருக்கும் ‘சைட்டட் பை’யைத் தட்டினால், பிறகு வந்தவை வரிசையில் நிற்கும்.

● காசில்லாமல் படிக்க: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா தளம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் தளம். கல்வி ஆய்வுகளுக்கு அமெரிக்க அரசின் எரிக் தளம். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியை சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது.

● பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காரில் காத்திருக்கும் நேரத்தில் படிக்கவும் ஒன்று உண்டு. மொழி கற்றல் ஆய்வுகளை எளிய ஆங்கிலத்தில் ஒரே பக்கமாகச் சுருக்கித் தரும் ஓயாசிஸ் என்ற தளம். தமிழிலும் இப்படி ஒன்று இருந்தால் ஆசிரியர்களுக்கு எவ்வளவு உதவும்!

● கட்டுரை ஒன்றுக்கு வெளியீட்டாளரின் தளம் முப்பது, நாற்பது டாலர் கேட்கிறதா? பர்ஸைத் திறக்காதீர்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகமும் கான்பெராவின் தேசிய நூலகமும் தரும் உறுப்பினர் அட்டை இருந்தால், பல ஆய்வுத் தரவுதளங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாநில நூலகத்தின் அட்டைக்குக் கட்டணம் கிடையாது. அங்கும் இல்லாத புத்தகமா? பிளாக்டவுன் மேக்ஸ் வெப்பர் நூலகத்தில், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். மாநில நூலகத்தின் அட்டைக்குக் கட்டணம் கிடையாது.