ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை ஒதுக்காதீர்கள்

கும்பகோணத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பல் விளக்கும்போது ரத்தம் வருதா?" என்பதுதான். "வருது டாக்டர், அதான் அந்தப் பக்கம் பிரஷ்ஷே வைக்கிறதில்ல" என்பார்கள் பலர். ரத்தம் வரும் இடம்தான் நன்றாக விளக்க வேண்டிய இடம்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பாக்டீரியா படலமாகப் படிகிறது. அதனால் ஈறு வீங்கி, லேசாகத் தொட்டாலே கசிகிறது. 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போலத்தான், வீக்கம் வடிந்துவிட்டது.

அந்தக் கட்டத்தைத் தாண்டவிட்டால் படலம் இறுகிக் காரையாகும். அது பிரஷ்ஷுக்கு அசையாது. ஈறு பல்லைவிட்டு விலகும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை அந்த இடுக்கில் இறக்கி அளப்போம். 3 வரை கவலையில்லை. 5, 6 என்று இறங்கினால் பெரும்பாலும் உள்ளே எலும்பு கரைந்திருக்கும். பெரும்பாலும் வலியே தெரியாது.

பூ வியாபாரம் செய்யும் ஒரு அம்மா பல் ஆடுகிறது என்று வந்தார். "மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் போடுறேன், சுகர் மட்டும் இறங்க மாட்டேங்குது" என்றார். கண்ணாடியைக் கையில் கொடுத்து, கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தைக் காட்டினேன். மஞ்சள் காரை கட்டிக்கிடந்தது. "க்ளீன் பண்ணா இன்னும் ஆடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா?" என்று பயந்தார். காரையை எடுத்ததும் சிலருக்கு ஆட்டம் தெரியும், உண்மைதான். ஆனால் எலும்பு கரைந்தது அதற்கு முன்பே. அதுவரை காரை பல்லைச் சேர்த்துப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

சர்க்கரை கூடினால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் அந்த அழற்சி ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. ஒன்றை ஒன்று வளர்க்கும். ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தால் மூன்று மாத சர்க்கரை அளவான எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரைக்கு இது மாற்று இல்லை, மாத்திரைக்குத் துணை. பல் போனவர்கள் சுண்டல், கடலை, கீரைத்தண்டு என எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெத்தென்ற சோற்றிலும் இட்லியிலும் நின்றுவிடுவதையும் பார்க்கிறேன். சர்க்கரைக்காரர்களுக்கு அது இன்னொரு கேடு.

செய்ய வேண்டியது எளிது. காலை, இரவு இரண்டு வேளையும் இரண்டு நிமிடம் விளக்குங்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும் என்பதால் இரவு வேளையைத் தவறவிடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் சாய்த்து வைத்து மெதுவாக அசையுங்கள். பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் இருக்கட்டும். நுரையைத் துப்பினால் போதும், உடனே கொப்பளிக்க வேண்டாம். செங்கல் தூளும் உமிக்கரியும் எனாமலைத் தேய்த்துவிடும்.

புகைபிடிப்பவர்கள் ரத்தம் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. புகை ரத்தக் கசிவை மறைத்துவிடும். நோய் உள்ளே வளரும்.

இப்படி விளக்கியும் இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் போங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், ஈறில் ரத்தம் வருகிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அவராகச் சொல்லமாட்டார்.