கல்யாணியும் யமனும் ஒன்றா?

புனேயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழக்கமான சங்கதிதான். எங்கள் வீட்டிலும் நடந்தது. ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, சமையலறையில் கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஹிந்துஸ்தானி கற்றுக்கொள்ளும் பேத்தி, "பாட்டி, இது யமன்தானே? நீ ஏன் நி-யை இப்படி ஆட்டறே? நேரா நிறுத்தணும்னு எங்க குருஜி சொல்லியிருக்கார்" என்றாள். பாட்டி சிரித்துக்கொண்டே பாட்டை நிறுத்திவிட்டார். அப்புறம் பேத்தி எதிரில் அவர் பாடுவதே இல்லை.

யார் சொன்னது தப்பு? ராகம் என்றால் என்னவென்று கொஞ்சம் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ஸ்வரங்கள் ஏழு. இவற்றில் ஸ, ப இரண்டும் மாறாதவை. மத்யமம் இரண்டு வகை. ரி-க ஜோடியை ஆறு விதமாகவும், த-நி ஜோடியை ஆறு விதமாகவும் அமைக்கலாம். 2 x 6 x 6 என்று பெருக்கினால் 72. இவையே தாய் ராகங்களான மேளகர்த்தாக்கள். 17-ம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, 'சதுர்தண்டி பிரகாசிகை' என்ற நூலில் இந்தக் கணக்கை வகுத்தார். பம்பாயைச் சேர்ந்த பாத்கண்டே 1904-ல் தென்னாட்டில் பயணம் செய்து இம்முறையை அறிந்துகொண்டார். பிற்பாடு ஹிந்துஸ்தானி ராகங்களைப் பத்து 'தாட்'களாகத் தொகுத்தார். அதில் உள்ள கல்யாண் தாட்டுக்கும், நமது 65-வது மேளமான மேசகல்யாணிக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. ஆகவே பேத்தி கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஸ்வரக் கணக்கு வெறும் எலும்புக்கூடுதான். அது மட்டும் ராகம் ஆகிவிடாது. பேத்தி படிக்கும் ஹிந்துஸ்தானியிலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. பூப், தேஷ்கார் இரண்டுக்கும் அதே ஐந்து ஸ்வரங்கள். நம் மோகனத்தின் ஸ்வரங்கள்தான். பூப்பில் காந்தாரம் ஓங்கி நிற்கும், தேஷ்காரில் தைவதம். நம் பக்கத்தில் ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோகண அவரோகணத்தை எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பாடினால், ஆரபி விறுவிறுவென்று ஓடும். தேவகாந்தாரி நிதானமாக, அசைந்து அசைந்து வரும். தியாகராஜரின் 'ஸாதிஞ்செனே'யையும் 'க்ஷீரஸாகர சயன'வையும் அடுத்தடுத்துக் கேட்டால் சின்னக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எந்த ஸ்வரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டு ஓடுவது, எதை அசைப்பது, எந்தப் பிடியால் தொடங்குவது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் ராகத்துக்கு முகம் வருகிறது. அந்த அசைவுக்குத்தான் கமகம் என்று பேர். கல்யாணியின் நிஷாதம் மேல் ஷட்ஜத்தைத் தொட்டுத் தொட்டு அசைவதே அதற்கு அழகு. யமனில் நிஷாதத்தை நேராக நிறுத்துவது அழகு. பாட்டியின் நி தவறிப் போன யமன் இல்லை, சரியான கல்யாணி.

இரண்டையும் ரசித்த பெரியவர் ஒருவர் நம் புனேயிலேயே இருந்திருக்கிறார். கிரானா கரானாவின் உஸ்தாத் அப்துல் கரீம் கான் 1913-ல் இங்கே ஆர்ய சங்கீத வித்யாலயத்தை நிறுவினார். கர்நாடக இசையில் ஈடுபட்டு, தியாகராஜரின் கரஹரப்ரியா கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பாடினார். 1937-ல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய சீடர் ஸவாய் கந்தர்வரின் நினைவாகத்தான், 1953-ல் பீம்சேன் ஜோஷி தொடங்கிய இசை விழா இங்கே நடந்து வருகிறது. அப்பேர்ப்பட்ட வித்வானே நம் பாட்டைத் தேடி வந்து கற்றார்.

நம் பிள்ளைகள் தாராளமாக ஹிந்துஸ்தானி கற்கட்டும். ஆனால் வீட்டுப் பாட்டை அந்தக் கணக்கால் அளந்து, தப்பு என்று தள்ளிவிடக் கூடாது. சுருதிப்பெட்டியைப் போட்டு, பேத்தியை யமன் பாடச் சொல்லுங்கள். அடுத்துப் பாட்டியைக் கல்யாணி பாடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். இப்போது பேத்தியே, "பாட்டி, அந்த நி-யை இன்னொரு தரம் பாடு" என்கிறாள்.