கஜானா காலி! பர்மிங்ஹாம் தெருக்களில் குப்பை குவிந்த கதை

2022 ஆகஸ்ட்டில் நம்ம சென்னை சரத் கமல் டேபிள் டென்னிஸில் தங்கம் வென்றாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த காமன்வெல்த் போட்டிகளைத் தடபுடலாக நடத்திய ஊர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். மறு வருடமே, 2023 செப்டம்பர் 5 அன்று, அந்த ஊர் மாநகராட்சி 'கையில் காசில்லை' என்று அறிவித்துவிட்டது. 11 லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரம் அது!

அங்கே இதற்கு '114-வது பிரிவு நோட்டீஸ்' என்று பெயர். கம்பெனியைப்போல மாநகராட்சியை இழுத்துப் பூட்ட முடியாது. ஆனால், சட்டப்படி செய்தே ஆகவேண்டிய வேலைகளைத் தவிர, புதிதாக எதற்கும் செலவு செய்யக் கூடாது.

ஏன் இந்த நிலை? பெண்களின் சம்பளத்திலிருந்து தொடங்க வேண்டும். மாநகராட்சியில் சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு வேலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதே தர வேலையில் குப்பை அள்ளிய, தெரு கூட்டிய ஆண்களுக்கு போனஸ் உண்டு, இவர்களுக்குக் கிடையாது. வழக்கு போட்டார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். அடுத்தடுத்த வருடங்களில் மாநகராட்சி கொடுத்த இழப்பீடு மட்டும் 100 கோடி பவுண்டைத் தாண்டியது.

அப்போதே சம்பள முறையை ஒழுங்காகச் சரிசெய்திருக்கலாம். தள்ளிப்போட்டார்கள். 2023-ல் பாக்கி 76 கோடி பவுண்டு வரை போகலாம் என்று கணக்கு வந்தது. (அந்தக் கணக்கே அதிகம் என்று பிறகு சர்ச்சை எழுந்தது தனிக்கதை.) போதாக்குறைக்கு, 1.9 கோடி பவுண்டில் முடிப்பதாகச் சொன்ன கணினி மென்பொருள் 10 கோடியை எட்டியது. 2010-க்குப் பிறகு மத்திய அரசின் மானியமும் சுருங்கிக்கொண்டே வந்தது.

'பெண்கள் கேட்டதால்தான் ஊரே திவால்' என்று பேசியவர்களும் உண்டு. உழைத்த கூலியைக் கேட்டது எப்படித் தப்பாகும்?

சுமை மக்கள் தலையில் இறங்கியது. 2024-ல் வரி கிட்டத்தட்ட 10 சதவிகிதம் ஏறியது. கலை அமைப்புகளுக்கான நிதி, இளைஞர் சேவை, நூலகம் எல்லாவற்றிலும் கத்தரி விழுந்தது.

அடுத்து குப்பை. லாரியில் இருந்த ஒரு பொறுப்பையே நீக்கினார்கள். 'அது இருந்தால் மறுபடி சம ஊதிய வழக்கு வரும்' என்றது மாநகராட்சி. 'சிலருக்கு வருடம் 8,000 பவுண்டு வரை போகுமே' என்றது தொழிற்சங்கம். 2025 மார்ச் 11 முதல் முழு வேலைநிறுத்தம். தெருவெங்கும் கறுப்புப் பைகள், எலிகள். தற்காலிகமாக வந்து நின்ற லாரிகளில் கொட்ட, மக்கள் பையும் கையுமாக வரிசையில் நின்றார்கள்.

17,000 டன் குப்பை தேங்க, மார்ச் 31 அன்று மாநகராட்சி அவசரநிலையை அறிவித்தது. மறுநாள், ஏப்ரல் 1, இன்னொரு 7.5 சதவிகித வரி உயர்வு அமலுக்கு வந்தது.